எதுக்களித்த பால்

என் பால் கெட்டுவிட்டது என்று எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொன்னது ஓர் எறும்பு. சிரிக்காதீர்கள். எழுபதுகளின் நடுவில் ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அதுதான் லேபரட்டரி. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் ஒரு கட்டெறும்பைப் பிடித்து விடுவார்கள். எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால். செத்துப்போனால் கெட்ட பால். என் எறும்பு செத்துப்போனது. விரலால் பிடித்த பிடியிலேயே அது பாதி நசுங்கியிருந்ததை நான் பார்த்தேன். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்காமல் அந்த எறும்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சோதனை செய்தது என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. மாமியார் இல்லாத அந்த வீட்டில் பிள்ளை வளர்ப்பு, பத்தியம், நல்லது கெட்டது எல்லாம் அவள் கையில். ஐந்து பெற்று நான்கை வளர்த்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அவள்மேல் ஆத்திரம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அவளைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் என் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

பிள்ளை பெண். எனக்கு முதல் பிள்ளை. அதற்கு முன் இரண்டு, வயிற்றிலேயே கலைந்து போயிருந்தன. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து அவள் பாலைக் கக்க ஆரம்பித்தாள். எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் கக்கும்தான், யார் இல்லை என்றார்கள்? இவள் கக்கியது வேறு மாதிரி. குடித்து முடித்துக் கால் மணி நேரம்கூட ஆகாது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவாள். அப்புறம் வாயிலும் மூக்கிலும் திரிந்த பால் கட்டிகட்டியாக வரும். அந்தப் புளித்த வாடை என் சேலையை விட்டு, தலைமுடியை விட்டுப் போகவே போகாது. கக்கிவிட்டுப் பசிக்கு அழுவாள், மறுபடி குடிப்பாள், மறுபடி கக்குவாள். மூன்று மாதத்தில் தொடையில் இருந்த சதை வடிந்து தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கண் மட்டும் பெரிதாக, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி இருக்கும்.

"புளிப்புத்தான்டி இது. தாயி புளிப்பத் தின்னா பிள்ளைக்குப் புளிக்காம என்ன செய்யும்?" என்றாள் அக்கா. அப்படிச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். பிள்ளை பிறந்து பத்தாம் நாள், யாரும் பார்க்காதபோது, பந்தலில் தொங்கிய பன்னீர் திராட்சையில் ஒரு கொத்தைப் பறித்துத் தின்றிருந்தேன். நாக்கு அப்படி வறண்டு கிடந்தது. ஊரெல்லாம் திராட்சை, வீட்டைச் சுற்றித் திராட்சை, வண்டி வண்டியாகத் திராட்சை, எனக்கு மட்டும் கூடாது. ஒரு கொத்து. அந்த ஒரு கொத்துத்தான் என் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ப் புளித்துக்கொண்டிருக்கிறது என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

அதனால் பத்தியத்தை இறுக்கியபோது நான் மறுக்கவில்லை. புளி நின்றது, மிளகாய் நின்றது, பருப்பு வாயு என்று நின்றது, கீரை குளிர்ச்சி என்று நின்றது. சுட்ட கருவாடும் பூண்டும் மிளகுச்சாறும், ஒரு வேளைக் குழைந்த சோறும்தான். தண்ணீர்கூட டம்ளர் கணக்கு. பசிக்கும். சொல்ல வெட்கமாக இருக்கும். பால் கொடுக்கிற பெண்ணுக்கு வருகிற பசி எப்படிப்பட்ட பசி என்று ஆண்களுக்குச் சொன்னால் புரியாது, போகட்டும். நான் மெலிய மெலிய, பிள்ளையும் மெலிந்தாள். கக்குவது மட்டும் மெலியவில்லை.

மூன்றாம் மாத முடிவில் என் கணவரே வாயைத் திறந்தார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. தோட்டம் உண்டு, அவர் உண்டு. "தேனில பிள்ளைகளுக்குன்னே ஒரு டாக்டர் வந்திருக்காகளாம். போய்க் காட்டிட்டு வந்துருவோம்" என்றார். அக்காவும் கூட வந்தாள். சின்னமனூரில் பஸ் மாறித் தேனிக்குப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை என் மடியில் மூன்று தடவை கக்கிவிட்டாள்.

டாக்டர் இளவயதுக்காரர், மதுரைப் பக்கம். சுள்ளென்று பேசுவார். எங்களுக்கு முன்னால் உள்ளே போன பெண், தன் பிள்ளைக்கு வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றியிருக்கிறாள் போல. "பிள்ளையக் கொல்லணும்னு முடிவு பண்ணிட்டா இங்க எதுக்கும்மா வர்றீங்க?" என்று அவர் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

எங்களிடம் நன்றாகத்தான் பேசினார். பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். எடைபோட்டார். எடையைப் பார்த்ததும் முகம் மாறியது. பிறகு பொறுமையாகச் சொன்னார். "இரைப்பைக்கு மேல ஒரு வாசல் இருக்கும்மா. சில பிள்ளைகளுக்கு அது இறுகுறதுக்கு மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் பால் எதுக்களிச்சு மேல வரும், கூடவே வயித்துப் புளிப்பும் வரும். அதான் எரிச்சல்ல கத்துது. உங்க பால்ல ஒரு குறையும் இல்லை. பத்தியம் வேண்டாம், நல்லாச் சாப்பிடுங்க. பிள்ளைக்கு ஒரே நேரத்துல வயிறு முட்டக் குடுக்காம கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. குடுத்த உடனே படுக்கப் போடாம அரை மணி நேரம் தோள்ல நிமித்தி வையுங்க. இந்த மருந்துல அஞ்சு சொட்டு, மூணு வேளை, பால் குடுக்கிறதுக்கு முன்னாடி பிள்ளை நாக்குல விடுங்க."

பிள்ளை நாக்கில். தெளிவாகச் சொன்னார். நான் தெளிவாகக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சின்ன பாட்டிலைத் திறந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, உனக்கு என்ன கிறுக்கா? மூணு மாசப் பிஞ்சு. இங்கிலீசு மருந்த நேரா ஊத்துனா குடல் வெந்து போகாது? நாங்கல்லாம் பிள்ளை வளக்கலையா? மருந்த நீ குடி. பாலா எறங்கும். பிள்ளைக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு அது எடுத்துக்கிரும்."

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பால்குடி மறக்காத பிள்ளைக்குச் சளி என்றால் கஷாயம் தாய்க்கு. வயிற்றுப்போக்கு என்றால் லேகியம் தாய்க்கு. தாயின் உடம்பு ஒரு வடிகட்டி, கெட்டதை நிறுத்திக்கொண்டு நல்லதை மட்டும் பாலில் அனுப்பும் என்பது எல்லோருடைய நம்பிக்கையும். எனக்கும்தான். அக்கா மீது பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். அவள் சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்தச் சின்ன நாக்கில் மருந்தை விட எனக்கே பயம். வேறொருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அஞ்சு சொட்டு பிள்ளைக்கு என்றால் பெரிய உடம்புக்கு எவ்வளவு என்று நாங்களே கணக்குப் போட்டோம். ஒரு ஸ்பூன். மூன்று வேளை. மாதக்கணக்கில் வர வேண்டிய பாட்டில் இரண்டு நாளில் தீர்ந்தது. கணவர் சின்னமனூர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்துகொண்டே இருந்தார். திராட்சைக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கும்போது இம்மி பிசகாமல் அளந்து, இலை இலையாக நனைக்கிற மனிதர். கொடிக்கு நோய் வந்தால் கொடிக்குத்தான் மருந்து, பக்கத்துத் தென்னைமரத்துக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. எனக்குப் பால் பெருகியது. பெருகியது என்றால் சாதாரணமாக இல்லை. சட்டை நனையும், சேலை நனையும், பிள்ளை ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கம் தானாக ஒழுகும். "பாத்தியா, பாத்தியா! மருந்து வேல செய்யுது" என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு. கறிவேப்பிலை வாங்க வந்தவளிடம்கூடச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதை யார் நினைத்துப் பார்த்தது? பீய்ச்சுகிற பாலை விழுங்க முடியாமல் பிள்ளை திணறுவாள். வயிறு முட்டக் குடித்துவிட்டு, முன்னைவிட அதிகமாகக் கக்குவாள். எனக்கோ பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வரும். பிள்ளையை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் என் தலை சாயும். அக்கா வந்து பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போடுவாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி தேனி. அக்கா வராந்தாவில் இருந்துகொண்டாள், பிள்ளையோடு நான் மட்டும் உள்ளே போனேன். எடை ஏறவில்லை. குறைந்திருந்தது. டாக்டர் தராசு முள்ளைத் தட்டிப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

"மருந்து ஒழுங்காக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார்."

"நாக்குல? மூணு வேளையும்?"

"ஆமா சார். தவறாம."

அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். நானும் நேராகப் பார்த்துத்தான் பொய் சொன்னேன். வராந்தாவில் வாயைப் பொத்திக்கொண்டு போனாளே ஒருத்தி, அவளாக நான் ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் புத்தியில் இருந்தது. நாலு பேர் முன்னால் ஒரு திட்டு. அதை வாங்கிக்கொள்ளத் துப்பில்லாமல் போனேன். அன்றைக்கு அந்தத் திட்டை வாங்கியிருந்தால், ஐயோ, எத்தனை பெரிய திட்டாக இருந்தாலும் வாங்கியிருந்தால்.

மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்றால் நோய் வேறு என்றுதானே ஒரு டாக்டர் நினைப்பார்? அவரும் அப்படித்தான் நினைத்தார். குடல் வாசலில் அடைப்பு ஏதாவது இருக்கலாம் என்றார். "எட்டு சொட்டாக் கூட்டிக் குடுங்க. ரெண்டு வாரம் பாப்போம். எடை ஏறலைன்னா மதுரைக்குக் கொண்டு போயிரணும். ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியலை." வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் அழுதேன். அக்காவும் அழுதாள். வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூனை இரண்டு ஸ்பூனாக ஆக்கினோம்.

நாலாம் நாள் காலையில் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன், என் கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்ப ஆரம்பித்தது. யாரோ தாடையைப் பிடித்துத் திருகுகிற மாதிரி. நேராக்கப் பார்த்தால் முடியவில்லை. வாய் கோணிக்கொண்டது. நாக்கு தடித்து வெளியே தள்ளியது. கண் மேலே சொருகியது. நினைவு இருந்தது, பேசத்தான் முடியவில்லை. அக்கா அலறினாள். ஓடி வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது, கோடாங்கியைக் கூப்பிடுங்கள், உடுக்கையடித்துக் கேட்டுவிடலாம்.

என் கணவர் அன்றைக்கு மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. "கோடாங்கியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பிள்ளையைத் தூக்கப் போனேன். அக்கா கொடுக்கவில்லை. "காத்து அடிச்சவ பாலப் பிள்ளைக்குக் குடுக்கப்படாது. இங்கன கெடக்கட்டும். நான் ஆட்டுப்பாலக் காச்சிச் சங்குல ஊட்டிக்கிறேன். நீ நல்லபடியாப் போயிட்டு வா ஆத்தா." பிள்ளை அவள் இடுப்பில் இருந்து என்னைப் பார்த்தாள். கோணிப்போன என் முகத்தைப் பார்த்துப் பயந்து உதடு பிதுக்கினாள். நான் சிரிக்க முயன்றேன், வாய் வரவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன மருந்து சாப்பிட்டாங்க? என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லுங்க."

"வேற ஒண்ணும் இல்லைங்கய்யா. பிள்ளைக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தீகளே, அதத்தான் சாப்பிடுறா. ரெண்டு ஸ்பூனு" என்றார் என் கணவர். அது மறைக்க வேண்டிய விஷயம் என்று அவரிடம் யார் சொன்னது?

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்குப் பால் வழியாப் போயிரும்லங்கய்யா."

டாக்டர் உடனே ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் கழுத்தைப் பிடித்திருந்த கை ஒவ்வொரு விரலாக விட்டது. வாய் நேரானது. எச்சில் விழுங்க முடிந்தது. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது திட்டு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். விழவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்.

"நாக்குல விட்டேன்னு நீங்க சொன்னதால மருந்து கேக்கலைன்னு நான் நெனைச்சேன்மா. பிள்ளைக்கு மருந்தே போய்ச் சேரலையே. பாலைக் கூட்டுற குணம் இந்த மருந்துக்கு உண்டு. அதான் உங்களுக்கு அப்படிப் பெருகியிருக்கு. பெருகின பாலைக் குடிச்சுப் பிள்ளை இன்னும் கக்கியிருக்கு. ஒரு வகையில இது நல்ல சேதி. அடைப்பு இருக்கும்னு இனிமே நான் நெனைக்கலை. மதுரை வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம். உங்க கழுத்து இழுத்ததும் இதாலதான், நீங்க இந்த மருந்தத் தொடக் கூடாது. இன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து பிள்ளை நாக்குல அஞ்சு சொட்டு விடுங்க. பத்து நாள்ல தூக்கிட்டு வாங்க. எடை ஏறலைன்னா என்னைக் கேளுங்க."

திரும்பி வந்த அந்த பஸ்ஸை என்னால் மறக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை. ஆபரேஷன் வேண்டாம். பால் கெட்ட பால் இல்லை. நான் தின்ற திராட்சை இல்லை. சாயங்காலத்திலிருந்து அஞ்சு சொட்டு. கணவர் வீரபாண்டியில் பஸ் நின்றபோது இறங்கி எனக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். பத்தியக்காரி நான் இரண்டையும் தின்றேன். காலையிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்காததால் மார் கல்லாகக் கனத்து, ரவிக்கை நனைந்து, முந்தானை நனைந்து, வெட்கமாக இருந்தது. "நெதானமாக் குடு, அரை மணி நேரம் நிமித்தி வையி. நான் வேணும்னா வச்சுக்கிறேன்" என்றார் அவர். தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி அவரை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

தெருவுக்குள் நுழையும்போது வெயில் இன்னும் சாயவில்லை. எங்கள் வீட்டு முன்னால் ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மதியம் அக்கா ஆட்டுப்பாலைக் காய்ச்சி, சங்கில் ஊட்டியிருக்கிறாள். பிள்ளை பசியோடு ஒரு சொட்டு விடாமல் குடித்திருக்கிறாள். நல்லாக் குடிச்சிருச்சே என்று சந்தோஷப்பட்டுத் தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறாள். தூங்கிவிட்டாள் என்று துணி அலசப் போயிருக்கிறாள். எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. அழக்கூட இல்லையாம். நான் தொட்டபோது கழுத்து மடிப்பில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. சேலை நுனியை நனைத்துத் துடைத்தேன். பிஞ்சு உடம்பு என்று இருட்டுவதற்குள் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் போகக் கூடாது. நான் வாசல் வரைக்கும்தான் போனேன்.

அக்காவைப் பார்க்க முடியவில்லை. தலையைச் சுவரில் முட்டி முட்டி நெற்றி வீங்கியிருந்தது. ஒரே கதறல். "நான் கொன்னுட்டேனே ஆத்தா, என் கையால கொன்னுட்டேனே." நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். நீ இல்லை, நான் சொன்ன பொய் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என் கழுத்து திருகியிருக்காது, பிள்ளையை விட்டுவிட்டு நான் போயிருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டதில் என் கணவருக்கும் அது தெரியும், அவரும் வாயைத் திறக்கவில்லை.

பால் நிற்கவில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. பால் வற்ற மல்லிகைப்பூவை அரைத்து மாரில் பற்றுப்போட்டு இறுகக் கட்டுவார்கள் எங்கள் பக்கம். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்த பூவை அக்காதான் அரைத்தாள். கட்டின துணியையும் மீறி ஒழுகியது. காய்ச்சல் வந்தது. கடைசியில் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, மண்ணில் பீய்ச்சி விட்டேன். மறைப்புக்குச் சேலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். மண் குடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"எம்புட்டுப் பாலுத்தா. என்ன இருந்தாலும் அது நல்ல மருந்துதான்."

"ஆமாக்கா. நல்ல மருந்துதான்" என்றேன். அதில் ஒரு சொட்டைக்கூட நான் என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.